குழாயைத் திறந்துவிட்ட காலை

ஜொகூர் மாநிலத்தில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு செம்பனை ஆலையில் என் கணவருக்குக் கழிவுநீரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எண்ணெய் பிழிந்தபின் வெளியேறும் கறுத்த நீர் குளம் குளமாகத் தேங்கி, புளித்து, தெளிந்த பிறகுதான் ஆற்றில் கலக்க வேண்டும். எந்த அளவுக்குத் தெளிந்திருக்க வேண்டும் என்பது ஆலையின் உரிமத்திலேயே எழுதியிருக்கும். அதற்குப் பொறுப்பானவர் என்று சுற்றுச்சூழல் இலாகாவில் பதிவாகியிருந்தது அவர் பெயர்தான். என் தம்பி அதே ஆலையில் பாய்லர் பார்த்தான். அவனைச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. குளங்கள் கரையைத் தொட்டுவிட்டன. கொஞ்ச நாளைக்குப் பழம் எடுப்பதைக் குறைத்தால் சமாளிக்கலாம் என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தார். பழ லாரிகள் வந்துகொண்டேதான் இருந்தன. ஒரு நாள் காலை அவர் வேலைக்குப் போனபோது, முதல் குளத்திலிருந்து நேராக ஆற்றுக்குக் குழாய் போட்டுத் திறந்துவிட்டிருந்தார்கள். மூடச் சொன்னார்.

"இந்த மழையில யாருக்குத் தெரியப் போவுது? விடுலா" என்றார் மேனேஜர்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "கீழ ஆத்தங்கரைக் கம்பத்து வீட்டுப் புள்ளைங்க அந்தத் தண்ணியிலதான் குளிக்குதுங்க" என்றார். பிறகு என் எதிரிலேயே இலாகாவுக்குப் போன் செய்தார்.

அதிகாரிகள் வந்து நீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உரிமம் நிறுத்தப்பட்டது. ஆலை மூடியது. சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

தம்பி மட்டும் வீட்டுக்கு வந்தான். வாசலைத் தாண்டவில்லை.

"எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

"வேற வேலை தேடியிருப்பேன். ரெண்டு புள்ளைங்க இருக்குல்ல எனக்கு."

"உள்ள வாடா, சாப்பிட்டுப் போ" என்றேன். "வேணாம்க்கா" என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டாரில் எல்லைப் பாலம் கடந்து போய் வந்தான். ஒரு விடியற்காலை, நல்ல மழையில், பாலத்துக்குப் போகிற சாலையில் லாரி மோதி இறந்துபோனான்.

பெட்டியைத் தூக்கும் நேரத்தில் என் கணவரும் தோள் கொடுக்கப் போனார். தம்பி மனைவி அவர் கையைப் பிடித்து விலக்கினாள்.

"நீங்க தொடாதீங்கண்ணே. ஆத்தக் காப்பாத்திட்டீங்கல்ல, அது போதும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கிக் கூட்டத்துக்குப் பின்னால் நடந்து வந்தார்.

ஆலை புதுக் குளங்கள் வெட்டி, உரிமத்தைத் திரும்ப வாங்கி, மறுபடி ஓட ஆரம்பித்தது. பழைய ஆட்களை அழைத்தார்கள். விஷயம் தெரியாமல் தம்பி வீட்டுக்கும் ஆள் அனுப்பினார்களாம். என் கணவரை அழைக்கவில்லை. இப்போது குளுவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருக்கிறார்.

ஒருமுறை கேட்டேன், "இப்ப அப்படி நடந்தாலும் போன் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன். ஆனா உன் தம்பிக்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுவேன்."

கல்லறைத் திருநாளில் தம்பியின் கல்லறையை அவர்தான் கழுவுகிறார். நாங்கள் இருக்கும்வரை தம்பி மனைவி உள்ளே வருவதில்லை; கேட்டுக்கு வெளியே பிள்ளைகளோடு காரில் காத்திருப்பாள். இந்த வருடமும் அந்தக் கார் நின்றிருந்தது. நான் இன்னும் ஜெபம் முடிக்கவில்லை. அவர் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு என் தோளைத் தொட்டார்.

"போலாம் வா. வெயில்ல புள்ளைங்க உக்காந்திருக்கு."