திட்டுவதற்கு ஒரு பாஷை

கோபம் வந்தால் எனக்கு மலையாளம் வரும். வீட்டில் இல்லை, வீட்டில் தமிழில்தான் கத்துவேன். தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலுக்குள் காலடி வைத்துவிட்டால்தான் இந்த மாற்றம். அங்கே நான் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர். அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற பெண்கள் எல்லாரும் என் பொறுப்பு. அவர்களில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெண்கள், நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நானும் தமிழச்சிதான். இந்த ஊரில் தமிழர்கள் நிறைய வாழும் வலியசாலையில் பிறந்து, வலியசாலையிலேயே கல்யாணமாகி, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஆனால் ஹோட்டலில் இது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பாண்டி' என்பார்கள். தமிழர்களை இங்கே கேலியாகக் கூப்பிடும் பெயர் அது. என் உச்சரிப்பைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே, கூடப் படித்த மலையாளிகளைவிடச் சுத்தமான மலையாளம் பேசக் கற்றுக்கொண்டேன். ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவளை மேனேஜர் நாற்காலி வரைக்கும் தூக்கிவிட்டது அந்த மலையாளம்தான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதனால் அதிகாரம் செய்ய வேண்டிய இடத்திலெல்லாம் அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

என் குட்டை உடைத்தவள் மூன்றாவது மாடியில் வேலை செய்த ஒருத்தி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, என்னைவிடச் சில வயது சின்னவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருக்கும் அறையில் நின்று நான் அம்மாவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தாள். நான் பேசி முடிக்கிறவரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்க தமிழா? சொல்லவே இல்லியே! இவ்வளவு நாளும் உங்களப் பாத்தா பயந்துல்லா ஓடிட்டிருந்தேன்."

"மெதுவாப் பேசு" என்றேன். தமிழில் நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து என்னிடம் தமிழ்தான். கட்டட வேலைக்குப் போகும் புருஷனைப் பற்றி, பள்ளிக்கூடம் போகும் மகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி எல்லாம் சொல்வாள். "உங்ககிட்ட பேசுனாத்தாங்க்கா வாய் நெறையப் பேசுன மாதிரி இருக்கு" என்பாள். எனக்கும் பிடித்திருந்தது, பக்கத்தில் வேறு ஆள் இல்லாதவரைக்கும்.

சாதுவான பெண் என்று நினைத்துவிட வேண்டாம். சரியான வாயாடி. துண்டு ஒன்று குறைந்தால் சலவைப் பகுதிக்கே இறங்கிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாள். நான் லீவு போட்டால் யாரும் கேட்காமலே அந்த மாடியை அவள் நடத்துவாள். மாசமாக இருந்த பெண்ணுக்குக் குனியாத வேலை, மட்டம் போடுகிறவளுக்குக் குளியலறை என்று பிரித்துக் கொடுப்பாள். திரும்பி வந்து பார்த்தால் எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

அந்த மாடியின் சூப்பர்வைசர் துபாய்க்கு வேலை கிடைத்துப் போனதும் இவள் நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, அந்த வேலைய எனக்கு வாங்கித் தாங்க. சம்பளத்துக்குன்னு மட்டும் நெனைக்காதீங்க. அந்தக் கறுப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு இந்த வராந்தாவுல ஒரு தடவயாவது நடந்துரணும் எனக்கு."

"பார்க்கலாம்" என்றேன்.

அவள் வழியாக மற்றப் பெண்களுக்கும் நான் தமிழ் என்று தெரிந்துபோயிருந்தது, மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. அப்போது எனக்கு ஒரு முறை இருந்தது. ஹோட்டலின் ஜெனரல் மேனேஜரான ஜி.எம். மாடிக்கு வரும்போது ஏதாவது குறை கண்ணில் பட்டால் அவர் காதில் விழுகிற மாதிரி இந்தப் பெண்களை மலையாளத்தில் திட்டுவேன். அவர் போன பிறகு விரிப்பு அறைக்குள் கூப்பிட்டுத் தமிழில் சமாதானம் செய்வேன். "மனசுல வச்சுக்காதே. அவர் எதிர்க்க வேற எப்படிப் பேசறது, சொல்லு?" ஆளைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தச் சமயத்தில் மேனேஜர்கள் எல்லாருக்கும் தலைமைப் பண்பு வளர்க்கிறோம் என்று கொச்சியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். எங்கள் விருந்து ஹாலிலேயே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வைத்தார். அவர் சொன்னதில் பாதி ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாயிற்று. ஒன்று மட்டும் தைத்தது. "நீங்கள் வராத நாளில் உங்கள் வேலையை யார் எடுத்து நடத்துகிறார்கள்? அவர் பெயரை வெளியே சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அவள் முகம்தான் உடனே வந்தது. என் முறை வந்தபோது, எல்லாரும் சேர்ந்துதான் செய்கிறார்கள் என்று மழுப்பினேன்.

பயிற்சி முடிந்த உற்சாகத்தில் ஜி.எம். மாடி மாடியாகச் சுற்ற ஆரம்பித்தார். நல்ல மனிதர், ஆனால் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்றாவது மாடியில் அவள் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் கண்ணைக் காட்டி, மலையாளத்தில் என்னிடம் கேட்டார்: "இவள் எப்படி? மற்றப் பெண்கள் இவள் சொன்னால் கேட்கிறார்களே. சூப்பர்வைசராகப் போட்டால் என்ன?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் நான் சொன்னது வேறு. "வேலை செய்வாள், சார். ஆனால் பாஷை தெரியாது. விருந்தினர்களிடம் பேச முடியாது. இந்தத் தமிழ்க்காரிகளிடம் ஒருத்தர் தலைமேல் நின்றால்தான் வேலை நடக்கும்." நல்ல மலையாளத்தில், சின்னச் சிரிப்போடு சொன்னேன். நம்ம ஆள் என்று தூக்கிவிடுகிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று பயம். 'இந்தத் தமிழ்க்காரிகள்' என்று நான் சொன்னதில் நானும் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அதைவிடப் பெரிய பயம்.

அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புரியாது என்றுதான் நினைத்தேன். ஜி.எம். லிஃப்டில் ஏறிப் போனதும் துண்டை அடுக்கின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மேடம், முந்நூற்றஞ்சு கழிஞ்ஞு. இனி ஏதா?"

முந்நூற்றைந்து முடிந்துவிட்டது, அடுத்தது எது என்று கேட்கிறாள். இந்த ஊரில் பிறந்தவள் பேசுகிற மாதிரியே இருந்தது. நான் ஜி.எம்.மிடம் சொன்னது முழுக்க அவளுக்குப் புரிந்திருக்கிறது. முந்நூற்றாறின் பக்கம் கையைக் காட்டினேன்.

பிறகு சலவைப் பகுதியில் பேச்சுவாக்கில் விசாரித்தபோது அங்கிருந்தவர் சிரித்தார். அவளிடம் மலையாளத்தில் வாய் கொடுத்து இதுவரை ஒருத்தரும் ஜெயித்ததில்லையாம். அவள் மகள் படிப்பது மலையாளப் பள்ளிக்கூடத்தில். பஸ்ஸில், கடையில், ரிசப்ஷனில் எல்லாம் அவளுக்கு மலையாளம்தான். மேலதிகாரிகளில் என்னிடம் மட்டும் தமிழ் பேசினாள். பாஷை தெரியாததால் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் வேண்டியவள் என்பதால் பேசினாள். எவ்வளவு கேவலமான ஆள் நான் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் 'அக்கா' காணாமல் போயிற்று. எல்லாம் 'மேடம்', எல்லாம் மலையாளம். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தாங்க முடியாமல் ஜி.எம். அறைக்குப் போனேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் சார், நானும் தமிழ்தான் சார் என்று சொல்லத்தான் போனேன். கதவைத் திறக்கும்வரை அந்த வார்த்தைகள் வாயில் தயாராக இருந்தன.

"சார், அந்தப் பெண்ணையே சூப்பர்வைசராகப் போடலாம்" என்றேன்.

"பாஷை தெரியாது என்றீர்களே?"

"இப்போது கற்றுக்கொண்டாள், சார்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன்.

அவர் மேஜையைத் தட்டி, பயிற்சியில் சொன்னது இதைத்தானே என்று குதூகலித்தார். அத்தோடு விடவில்லை. வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னிலும் என்னை எழுப்பி நிற்க வைத்தார். கீழே இருப்பவரைக் கைதூக்கி விடுவதற்கு இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு தமிழ்த் தொழிலாளிக்கு நம் பாஷை சொல்லிக் கொடுத்து மேலே கொண்டுவந்திருக்கிறார் என்றார். கைதட்டினார்கள். அவள் புதுக் கறுப்புக் கோட்டோடு கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். தோளில் கோட்டு கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஜி.எம். அவள் பக்கம் திரும்பி, உங்கள் மேடம் நன்றாகச் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டார்.

அவள் உண்மையை உடைத்திருந்தால் பூமி பிளந்து உள்ளே போயிருப்பேன். ஆனால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

"எல்லாம் மேடம் படிப்பிச்சதா, சாரே" என்றாள். எல்லாமே நான் சொல்லிக் கொடுத்ததுதானாம். முகத்தில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. மறுபடியும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன். அந்தக் கும்பிட்டை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கூட்டம் முடிந்து லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் நாலாவது மாடிக்கு, அவள் மூன்றாவதுக்கு. வெட்கத்தை விட்டுத் தமிழில் கேட்டேன். "நான் பண்ணினது மகா தப்பு. என்னை மன்னிச்சுடுவியா?" அவள் கோட்டின் கையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"சாரமில்ல, மேடம்."

பரவாயில்லை என்று அர்த்தம். தெருவில் யாரோ தெரியாதவர் காலை மிதித்துவிட்டால்கூட இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஜி.எம்.மிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அவள் இன்னும் என்னிடம் தமிழ் பேசவில்லை.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. தள்ளுவண்டிகளோடு பெண்கள் காத்திருந்தார்கள். அவள் வெளியே கால் வைத்ததுமே குரல் எழும்பியது. "ஏட்டி, என்ன எல்லாவளும் வேடிக்க பாத்துட்டு நிக்கிய? முந்நூத்தி ரெண்டுக்கு ஆள் வந்தாச்சுல்லா! போங்க போங்க." வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, தமிழில்.

"அக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் சட்டென்று திரும்பினேன். கூப்பிட்டது அவளை.