வெளிவராத படத்தின் தட்டு

மாரண்டஹள்ளியில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், கல்நார்த் தகடு வேய்ந்த வீடொன்றின் முன்னறையில் கட்டில் இல்லை; நாற்காலியும் ஒன்றே ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் இசைத்தட்டுகளுக்கு உரியது. வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வன், கருங்கல் பலகைகளை அறுத்து மெருகேற்றும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சென்ற ஆண்டு வேலையிலிருந்து நின்றவர். பகலெல்லாம் கல்லின் அலறலைக் கேட்ட காதுக்குப் பாட்டுத்தான் மருந்து என்று எல்லாரிடமும் சொல்லுவார்.

அவர் பாட்டுக் கேட்பதற்கு ஒரு முறைமை இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தட்டின் ஒரு பக்கம். மாலையில் உடம்பிலிருந்த கல்தூள் போகக் குளித்தபின் மறுபக்கம். நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துண்டால், தட்டைக் கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பார். பாட்டின் நடுவில் ஊசியை வைப்பது, பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவதற்குச் சமம் என்பது அவருடைய எண்ணம். ஊசி ஓடும்போது மின்விசிறி சுழலக்கூடாது. சித்திரை வெயிலில் தட்டுகள் வளைந்துவிடாமலிருக்கக் கூரைமேல் ஈரச் சாக்கை விரித்துவிட்டு, தாம் வேர்வையில் நனைந்தபடி உட்கார்ந்திருப்பார்.

தட்டுகளைத் தேடித் தருபவர் தருமபுரியில் பழம்பொருள் கடை வைத்திருந்த தௌசீப். மூடிப்போன ஒலிபெருக்கி நிலையங்களிலிருந்தும் பெங்களூர்ச் சந்தையிலிருந்தும் திரட்டிக் கைப்பேசியில் படம் அனுப்புவார். இவர் சரியென்றால் அட்டையில் பொதிந்து பேருந்தில் ஏற்றிவிடுவார். பொதியோடு தமிழ்ச்செல்வன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவர் மனைவி பாஞ்சாலி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள்.

"வாம்மா, வா. இந்தச் சக்களத்திக்கு எந்த ஊருங்க?"

"ஓசூரு. ஒரு கீறல் இல்ல, பாரு."

"எனக்குந்தான் கீறல் இல்ல. என்னை என்னிக்கு இப்பிடித் தொடச்சு வெச்சீங்க?"

சக்களத்திகள் பெருகப் பெருக, முதலில் அலமாரி நிறைந்தது, பிறகு மேசை. கடைசியில் கட்டிலே பாஞ்சாலியின் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தரையில் படுப்பது இடுப்புக்கு நல்லது என்றார் தமிழ்ச்செல்வன். "யாரு இடுப்புக்கு?" என்று கேட்டுவிட்டுப் பாயை உதறினாள் அவள்.

அவர் வேலையிலிருந்து நிற்பதற்கு முந்தின மழைக்காலத்தில், மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டில் புல்லாங்குழல் சற்றுத் தள்ளிப் போய்விட்டதுபோல் அவருக்குத் தோன்றியது. ஊசி தேய்ந்துவிட்டதென்று மாற்றினார். குழல் கிட்டே வரவில்லை. வேறொரு தட்டில் ஜால்ரா மறைந்தது. மறுபடியும் ஊசியை மாற்றினார். ஊசியைத் தாங்கும் கையையே மாற்றினார். எதிலும் பயனில்லாமல் போகவே, தேய்ந்த தட்டுகளைத் தம் தலையில் கட்டுவதாகத் தௌசீப்பின் கடையேறிச் சண்டை பிடித்தார்.

தௌசீப் அதே தட்டைத் தம் கருவியில் ஓடவிட்டுக் கேட்டார். "அண்ணே, ஜால்ரா கணீர்னு வருதே. நெசமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

தமிழ்ச்செல்வன் அவரையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

உட்காதின் நரம்பு பழுதாகிவிட்டது என்றார் மருத்துவர். பட்டறைச் சத்தம் செய்த வேலை. போனது திரும்பாது, இருப்பதும் மெல்ல மெல்லப் போய்விடும். காதில் கருவி வைத்துக்கொண்டால் மனிதர் பேச்சுக் கேட்கும்.

"பாட்டுங்க?" என்றார் தமிழ்ச்செல்வன்.

"பேசறது கேட்டாப் போதாதுங்களா?" என்று மருத்துவர் அன்பாகத்தான் கேட்டார்.

கருவியை அணிந்துகொண்டு அன்று மாலையே ஒரு தட்டை வைத்தார். வயலின், தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் வந்தது. கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டவர், அதை மீண்டும் எடுக்கவே இல்லை.

அதன்பிறகுதான் அவருக்கு வெறி பிடித்தது. காது முற்றிலும் அடைபடுமுன், இதுவரை கேட்காத பாட்டுகளையெல்லாம் கேட்டுவிட வேண்டும்! பொதிகள் வாரந்தோறும் வந்தன. முறைமைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. துடைப்பதற்குப் பொறுமையில்லை, ஒன்று முடியுமுன் அடுத்ததை உறையிலிருந்து உருவினார். ஆனால், புதிதாக வந்தவை எவையும் மனத்தில் தங்கவில்லை. ஏதோ இடிப்பது கேட்டது. யாரோ முனகுவது கேட்டது. பழைய தட்டுகளோ முழுமையாக ஒலித்தன. தள்ளிப் போயிருந்த புல்லாங்குழல்கூட அண்மையில் திரும்பி வந்திருந்தது! அந்தக் காலத்தில் தட்டை ஒழுங்காக அச்சடித்தார்கள் என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஓர் ஏக்கம் மிச்சமிருந்தது. பாட்டுகள் தட்டாக வந்தபின், வெளிவராமலே முடங்கிப்போன படமொன்று உண்டு. அதன் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டுகள். கைப்பேசியில் எவ்வளவு தேடினாலும் அவை கிடைக்கா. கேட்டவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. "என் காது இருக்கறப்பவே அதைக் கண்ணுல காட்டிருங்க, தம்பி" என்று தௌசீப்பிடம் கெஞ்சி வைத்திருந்தார். ஆவணி மாதத்தில் அது பேருந்தில் வந்து இறங்கியது.

அன்றைக்குப் பழைய முறைமையெல்லாம் திரும்பி வந்தது. குளித்தார், துண்டை நனைத்துப் பிழிந்தார், மின்விசிறியை நிறுத்தினார். ஊசியை விளிம்பில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

தொம், தொம் என்று எங்கோ மாவு இடிப்பதுபோல் கேட்டது. அவ்வளவுதான். ஒலிப்பெட்டியை நாற்காலிக்கு அருகே இழுத்து, அதன்மேல் காதை வைத்து அழுத்திக்கொண்டார். மாவு இடிப்பது பலத்ததேயன்றி, அதனுள்ளிருந்து ஒரு குரலும் எழவில்லை. மறுபக்கத்தைப் போட்டார், அதுவும் அப்படியே. ஒலிப்பெட்டியை ஆத்திரத்தோடு பழைய இடத்துக்குத் தள்ளினார். தட்டை ஓட்டும் கருவியில்தான் கோளாறோ என்று சோதிக்க, பழைய தட்டொன்றை எடுத்து வைத்தார்.

என்ன இனிமை! முதலில் வீணை, பின்னால் குழல். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, நடுவில் அந்தக் குரல் இறங்கி வந்தது. கருவி நன்றாகத்தான் இருக்கிறது. புதுத் தட்டுத்தான் பாழ். தௌசீப் ஏமாந்துவிட்டார். தமிழ்ச்செல்வனின் விரல் முழங்காலில் தாளம் போடத் தொடங்கியது.

கடைக்குப் போயிருந்த பாஞ்சாலி, தக்காளிப் பையோடு உள்ளே வந்து அவர் முன்னால் நின்றாள். உரக்கக் கேட்டாள்: "ஏங்க, சத்தமே வரலையே. எதுக்குத் தாளம் போட்டுக்கினு உக்காந்திருக்கீங்க?"

தமிழ்ச்செல்வன் சிரித்தார். "எனக்குக் காது போச்சுன்னு ஊரே பேசுது. உனக்கும் போயிருச்சா? எம்மாஞ் சத்தமா வருது!"

"ஊசி கீறறதுதான் பூச்சியாட்டம் கேக்குது. வேற ஒண்ணும் இல்லைங்க."

அவள் குனிந்து, ஒலிப்பெட்டியின் பின்னாலிருந்து ஒயரை எடுத்துக் காட்டினாள். அவர் பெட்டியைத் தள்ளியபோது கழன்றிருந்த முனை, அவள் விரல்களுக்கிடையே தொங்கியது.

குழல் அந்தக் கணத்தில் நின்றது. தட்டு மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

அவள் ஒயரைச் செருகினாள். அறைக்குள் மாவு இடிக்கும் ஓசை புகுந்தது. அவர் கையை நீட்டி ஊசியைத் தூக்கிவிட்டார். இத்தனை மாதங்களாக எந்தப் பாட்டையும் அவர் கேட்டிருக்கவில்லை; மனப்பாடமானதை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நினைப்பதற்கு எதுவும் இல்லாத தட்டு ஒன்று, உறைக்கு வெளியே பளபளத்துக்கொண்டு கிடந்தது.

நெடுநேரம் கழித்து அதை எடுத்துத் துடைத்தார். "பாஞ்சாலி, இப்பிடி உக்காரு. இதை நீ கேட்டுச் சொல்லு."

"எனக்கென்னாங்க தெரியும் பாட்டைப் பத்தி?"

"என்னா வருதோ அதைச் சொல்லு. என் எதிர்ல உக்காந்து சொல்லு."

கேலி பேச வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தக்காளிப் பையை ஓரமாக வைத்தாள். எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஊசி இறங்கியது.

"சலங்கையாட்டம் ஒண்ணு வருதுங்க. ஜல் ஜல்லுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் பொம்பள பாடறா. யாரையோ வரச் சொல்றா."

"யாரை?"

"பேரு சொல்லலைங்க. மேல போறா... இன்னும் மேல போறா." சொல்லத் தெரியாமல் அவள் வலக்கையை உயர்த்தினாள். குரல் போன போக்கில் கை ஏறிற்று. தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி ஏறிற்று. தமிழ்ச்செல்வன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கலையா?"

"எறங்கலைங்க. அப்பிடியே நின்னுபோச்சு. முடிஞ்சிருச்சு."

அவர் ஊசியை எடுத்து விளிம்பில் வைத்தார். "மறுக்கா சொல்லு. மொதல்லருந்து."

அவள் தலையைச் சாய்த்து, இம்முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "கிண்ணத்துல கரண்டியால தட்டறாப்பல வருதுங்க."

"சலங்கைன்னு சொன்னியே?"

"அப்பிடித்தான் கேட்டுச்சு. இப்ப கிண்ணமாட்டம் இருக்குது."

"ரெண்டுல எது பாஞ்சாலி? நல்லாக் கேட்டுச் சொல்லு."

"தெரியலைங்களே" என்றாள் அவள். அதற்குள் அந்தப் பெண் பாடத் தொடங்கிவிட்டாள்போலும். பாஞ்சாலியின் கை மெல்ல உயர்ந்தது. முதல் தடவை போன உயரத்துக்கு அது போகவில்லை.