காதுக்குப் பின்னால் வந்த லட்சுமி

எங்கள் வீட்டுக்கு லட்சுமி ஒரு தடவை நேரிலேயே வந்தாள். வந்தவள் வாசல் வழியாக வரவில்லை. என் வலது காதுக்குப் பின்னால், முடி ஓரமாக வந்து உட்கார்ந்தாள். அவளை அடையாளம் கண்டு சொன்னவன் என் மனைவியின் தம்பி.

யுத்தம் வருவதற்கு முந்திய காலம். கீழக்குயில்குடியில் எனக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு ஜோடி உழவு மாடும் இருந்தன. அந்த வருஷம் மாடுகளுக்கு உண்ணி அப்பிக்கொண்டது. மலையடிவாரத்தில் மேய்ந்துவிட்டு வந்தால் காது மடலிலும் கழுத்துத் தொங்கலிலும் ஆமணக்கு விதை மாதிரி தொங்கும். தொழுவத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டு நசுக்குவேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தொடமாட்டேன். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் எந்த உயிரையும் கொல்வதில்லை. உண்ணிகளுக்கு எங்கள் ஆசாரம் நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த நாட்களில்தான் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தன.

ஒரு நாள் காதுக்குப் பின்னால் அரித்தது. தடவினால் மிளகளவு ஒரு மேடு. நானாகப் பார்க்க முடியாத இடம். மனைவி பார்த்துவிட்டு, "புதுசா மச்சம் வந்திருக்குங்க" என்றாள். அவள் தம்பி அப்போது வீட்டில் இருந்தான். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் எதை அச்சடித்திருந்தாலும் அவனுக்கு மனப்பாடம். கிட்டே வரக்கூட இல்லை, எட்ட நின்றே தீர்ப்புச் சொன்னான்.

"மச்சான், வலது காதுக்குப் பின்னாடி கறுப்பு மச்சம். அதுவும் நடு வயசுல முளைச்சிருக்கு. லட்சுமி தேடி வந்துட்டா. இனி உங்களுக்கு எம்புட்டுச் சேரப்போகுதுன்னு பாருங்க."

"அரிக்குதே மாப்ள."

"லட்சுமி உக்காந்தா சும்மாவா இருப்பா?"

இதற்கு மேல் சாஸ்திரம் வேண்டுமா? அன்று முதல் நான் குளித்துவிட்டு வந்ததும் என் மனைவி அந்த மச்சத்துக்குச் சந்தனம் வைத்தாள். பூஜை முடிந்ததும் நெற்றிக்கு இட்ட திருநீற்றில் ஒரு துளி அதற்கும் போனது. மச்சம் வளர்ந்தது. அது வளர வளர எங்கள் சந்தோஷமும் வளர்ந்தது. மைத்துனன் வரும்போதெல்லாம் என் தலையைத் திருப்பிப் பார்த்து, "பெருத்துக்கிட்டே போகுது மச்சான், நல்ல யோகம்" என்பான். பெருத்தது வாஸ்தவம். யாருடைய ரத்தத்தில் பெருத்தது என்று எவரும் கேட்கவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. தலை பிளந்தது. காய்ச்சல் கொஞ்சம் தணிந்த காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது ஓரமாக ஒழுகி மார்பை நனைத்தது. மனைவி ஓடி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்திவிட்டாள். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. வலது கண் மூடவில்லை. எவ்வளவு முயன்றாலும் இமை இறங்க மறுத்தது.

"காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்றான் மைத்துனன். "மச்சத்துல லட்சுமி இருக்கப்போயி இம்புட்டோட போச்சு. இல்லாட்டி ஆளையே சாச்சிருக்கும்."

மீனாட்சியிடம் போய் முறையிடுவது என்று முடிவாயிற்று. வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் போனோம். கோயில் வாசலில் பூக்காரி ஒருத்தியிடம் நின்று முழம் போடச் சொன்னேன். காற்றில் தூசி பறந்தது. கண்ணைக் கொட்டினேன். எனக்குக் கொட்டுவதற்கு இருந்தது இடது கண் மட்டும்தான்.

பூக்காரி நிமிர்ந்தாள். "ஏய்யா, நெத்தி நெறையத் துன்னூறு, கழுத்துல கொட்டை. பொண்டாட்டியப் பக்கத்துல வச்சுக்கிட்டே கண்ணடிக்கிறியே, இது அடுக்குமா?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். கோணல் வாயில் அது இளிப்பாகத்தான் வந்தது. மனைவி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சந்நிதியில் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மட்டும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் முறைத்துக்கொண்டு நின்றேன். 'தாயே, மீனைப்போல இமை மூடாமல் ஊரைக் காப்பது உன் உத்தியோகம். அதில் பாதியை எனக்கு எதற்குக் கொடுத்தாய்? கண்ணைத் திருப்பிக் கொடு, வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிறேன்' என்று வேண்டிக்கொண்டேன். வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, அன்று நான் பயந்துதான் போயிருந்தேன். அந்தக் கண்ணில் மணல் போட்டுத் தேய்ப்பது போல் இருந்தது. அம்மன் முகமே புகைக்குள் இருப்பதாகத் தெரிந்தது.

வெளியே வந்ததும் மனைவி, "அம்மாகிட்டச் சொல்லியாச்சு, இனி டாக்டர்கிட்டயும் சொல்லுவோம்" என்றாள். சிம்மக்கல்லில் இருந்த ஒரு டாக்டரிடம் போனோம். டாக்டர் சிவந்த கண்ணில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இமை மூடாமக் கருவிழி காயுது. இப்படியே விட்டாப் பூ விழுந்துரும். பார்வை போனாத் திரும்பாது."

பிறகு என் தலையைத் திருப்பினார். "காதுக்குப் பின்னால என்ன, சந்தனக் காப்பு?"

"மச்சம் சாமி" என்றாள் என் மனைவி.

டாக்டர் பஞ்சை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தார். இடுக்கியை எடுத்தார்.

"ஐயா, பிடுங்கிறாதீங்க. அதுல லட்சுமி இருக்கா!" என்று பதறினாள் மனைவி.

சுருக்கென்று ஒரு வலி. வெள்ளைப் பீங்கான் தட்டில் அதைப் போட்டார். கொழுத்துப் பளபளவென்று கிடந்த என் சொத்து, மெதுவாகக் காலை நீட்டி நடக்க ஆரம்பித்தது.

"உங்க லட்சுமிக்கு எட்டுக் காலா தாயி?" என்றார் டாக்டர்.

மாட்டு உண்ணி. நானே மாட்டுக் காதில் பிடுங்கிய அதே ஜாதி. கடித்த இடத்தில் இறங்கிய விஷம்தான் காய்ச்சலைக் கொடுத்து, முகத்துக்குப் போகும் நரம்பையும் தாக்கிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். கூட வந்திருந்த மைத்துனன் தட்டை எட்டிப் பார்த்தான். "மச்சத்துக்கு அடியில உண்ணி புகுந்திருக்கும்" என்று முனகினான். சாஸ்திரத்தை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

டாக்டர் கண்ணுக்கு விட எண்ணெய் மருந்து கொடுத்தார். படுக்கும்போது இமையைக் கையால் இறக்கித் துணி கட்டச் சொன்னார். நரம்பு தேறும், ஆனால் அதுவரை கண் தாங்குமா என்பதைச் சொல்லமுடியாது என்றார். என் மனைவி தினமும் கட்டினாள். விடிந்ததும் அவிழ்த்து, "வாசல்ல என்ன தெரியுது?" என்பாள். "வேப்பமரம்" என்பேன். "இலை தெரியுதா?" என்பாள். பல நாள் பச்சையாக ஒரு மூட்டம்தான் தெரிந்தது. அவள் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்துவது எனக்குக் கேட்கும். காது நன்றாகத்தானே இருந்தது.

ஒரு காலை இலை தனித்தனியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு இமை முதலில் துடித்தது, பின்பு பாதி இறங்கியது, ஒரு நாள் முழுதாகவே மூடிற்று. இதற்கிடையே செவ்வாய், வெள்ளி பாராமல் என் மனைவியே தொழுவத்தில் உட்கார்ந்து உண்ணி பிடுங்கினாள். ஆசாரம் என்று நான் வாயெடுத்தால் தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டுவாள்.

கண்மலர் சாத்தப் போனோம். சந்நிதியில் இரண்டு கண்ணையும் மூடிக் கும்பிட்டேன். இருட்டு அவ்வளவு இதமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. திறந்தபோது அம்மன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வாசலில் அதே பூக்காரி. பழியைத் துடைக்க இதுதான் சமயம் என்று அவள் எதிரே போய் நின்று, இரண்டு கண்ணையும் இறுக்க மூடித் திறந்து காட்டினேன்.

"அன்னைக்கு ஒத்தக் கண்ணு, இன்னைக்கு ரெண்டுமா?" என்று அவள் கையைத் தட்டினாள். "இந்தாம்மா, உன் வீட்டுக்காரரை என்னான்னு கேக்க மாட்டியா?"

என் மனைவி ஒரு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அடிக்கட்டும் ஆத்தா, விடு" என்றாள். "ரெண்டு கண்ணாலயும் நல்லா அடிக்கட்டும்."