மாமாவுக்கு ஆகாத இறால்

என் மாமாவுக்கு இறால் ஆகாது. ஒரு துண்டு உள்ளே போனால் போதும், உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, சொறியத் தொடங்கிவிடுவார். திருகோணமலையில் பிறந்தும் இறால் தின்னக் கொடுத்துவைக்கவில்லை என்று தன்னைத்தானே நொந்துகொள்வார். ஆகவே, அவரை ஆமி, அதாவது இராணுவம், பிடித்துக்கொண்டு போயிருந்த நாட்களில் ஒருநாள் அம்மா அவருக்கென்று இறால் பிரட்டல் சமைத்தபோது, அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. முடிவுகளை வேகமாக எடுப்பேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. துறைமுகக் கரையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவார். சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. ஊரில் ஆமி சொன்னதுதான் சட்டம். ஒருவரைப் பிடிப்பதற்கு அவர் தமிழர் என்பதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இரண்டு பேரை ட்ரக்கில் ஏற்றினார்கள். ஒருவர் மாமா, மற்றவர் அடுத்த வீட்டு மாமியின் மகன். அந்த அண்ணாதான் எனக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தவர்.

அம்மா ஆமி காம்ப் வாசலுக்குப் போய்க் கேட்டார். அப்படி ஆள் இங்கே இல்லை என்று வாசலில் சென்றிக் காவலுக்கு நின்றவன் சொன்னான். எல்லாரும் பயந்தது அந்தச் சொல்லுக்குத்தான். இருக்கிறான் என்று ஒப்புக்கொண்ட ஆளை அடிப்பார்கள், வழக்குப் போடுவார்கள், ஆனால் என்றாவது ஒருநாள் பதில் சொல்லியாக வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்ட ஆளை என்ன செய்தாலும் கேட்பாரில்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அன்றைக்கு விளங்கியது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு வெயிலில் போய் நிற்க வேண்டும் என்பது மட்டுமே. பிள்ளையோடு நிற்கிற பெண்ணை விரட்டக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்பது அம்மாவின் கணக்கு.

உன்னையும் பிடித்து உள்ளே வைக்கப்போகிறார்கள் என்று அப்பா தடுத்துப் பார்த்தார்.

"வைக்கட்டும். அப்ப நான் உள்ளுக்குப் போய்த் தேடலாம்தானே" என்றார் அம்மா.

இல்லாத ஆளுக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு போனது. சென்றிக்காரன் வாங்கமாட்டான். அம்மா நகரமாட்டார். அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். தம்பியைப் பிடித்துக்கொண்டு போனவனையும் தம்பி என்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். கடைசியில் ஒருநாள், தொல்லை விட்டால் போதும் என்று அவன் சாப்பாட்டுக் கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது அது வெறுமையாக இருந்தது. நான் துள்ளினேன். அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஆர் சாப்பிட்டதெண்டு தெரியேல்லையே" என்றார்.

அடுத்த நாள்தான் அந்த இறால். நல்ல பெரிய இறால். என் வாயில் ஒன்றுகூட வைக்கவில்லை. மாமாவைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று நான் வழிநெடுக அழுதேன். அம்மா காதிலேயே வாங்கவில்லை.

கேரியர் வந்தது. சோற்றுத் தட்டு காலி, பருப்பும் காலி. இறால் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மா வீதியோரத்தில் குந்திச் சிரித்தார். பிறகு அழுதார். மூடியை இறுக்கிப் போட்டுக்கொண்டு நேரே மனித உரிமை அலுவலகத்துக்கு நடந்தார். அங்கிருந்த உத்தியோகத்தரின் மேசையில், அவருடைய கோப்புகளுக்கு நடுவே, கேரியரைத் திறந்து வைத்தார்.

"இறாலைச் சாட்சியெண்டு நான் எழுத ஏலாது, அக்கா" என்றார் அவர்.

"எழுதவேண்டாம். இவ்வளவு இறாலையும் விட்டிட்டுப் பருப்பைத் திண்ட ஆமி ஆரெண்டு மட்டும் வந்து கேட்டுச் சொல்லுங்கோ."

அந்த மனிதரும் பயந்தவர்தான். ஆனாலும் மறுநாள் எங்களோடு வாசலுக்கு வந்தார். அவரைக் கண்டதும் உள்ளேயிருந்து ஆமிப் பெரியவன் ஒருவன் வந்தான். நெடுநேரம் கதைத்தார்கள். விசாரணைக்காக வைத்திருக்கிறோம் என்று அவன் தன் வாயாலேயே சொன்னான். அந்த ஒரு சொல்லை வாங்கியதற்காக அம்மா அன்று கோயிலில் தேங்காய் உடைத்தார்.

மாமா நீதிமன்றத்துக்கும் மறியல் சிறைக்கும் அலைந்து, மெலிந்து, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார். அன்றிருந்த பசிக்குக் கல்லைக் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பேன் என்று சொன்னார். ஆனால் இறாலைக் கண்டதும், அக்கா என்னவோ கேட்கிறா என்று விளங்கிவிட்டதாம்.

மாமா வீடு வந்தது வெகுநாள் பிறகு. மாமா இருப்பது தெரிந்த அடுத்த நாளும் அம்மா காம்புக்குப் புறப்பட்டார்.

"அதுதான் தெரிஞ்சிட்டுதே, பிறகேன் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சிட்டுது. மற்றவைக்குத் தெரியவேண்டாமோ?"

இறால் கதை ஊருக்குள் பரவியிருந்தது. கிண்ணியாவிலிருந்துகூட ஒரு முஸ்லிம் பெண் வந்திருந்தார். பிடிபட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும், உலகத்துக்கெல்லாம் பிடித்து, தங்கள் ஆளுக்கு மட்டும் பிடிக்காததாகப் பார்த்துச் சமைத்துக்கொண்டு வந்தார்கள். கணவாய்க் கறி வந்தது, நெத்தலிப் பொரியல் வந்தது. விரட்டினால் நாலடி தள்ளிப் போய், மறுபடி வந்து நிற்பார்கள். சென்றிக்காரன் கை நிறையக் கேரியர்களோடு உள்ளே போய் வந்தான். மிஞ்சிய கறியோடு கேரியர் வந்தால் அந்தப் பெண்ணை எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள். பிடிக்காததைச் சமைத்து அனுப்பிவிட்டு, அவன் சாப்பிடவில்லை என்று சந்தோஷப்படுகிற கூட்டத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

அடுத்த வீட்டு மாமியின் மகனுக்கு முட்டை என்றால் மணமே ஆகாது. வீட்டில் முட்டை பொரித்தால் எழும்பி வெளியே போய்விடுவார். மாமி முட்டைக் குழம்போடு எங்களுடன் வந்தார். கேரியர் திரும்பி வந்தபோது மாமி அதை என்னிடம் நீட்டினார், நான்தான் திறந்தேன். சோறு இல்லை. முட்டையும் இல்லை, வழித்துத் துடைத்த மாதிரி குழம்பும் இல்லை.

"மாமி, அண்ணா எல்லாத்தையும் சாப்பிட்டிட்டார்" என்று கத்தினேன்.

அங்கே நின்ற ஒருவரும் என்னோடு சேர்ந்து சந்தோஷப்படவில்லை. அம்மா என் வாயைப் பொத்தினார். மாமி கேரியரை என்னிடமிருந்து வாங்கி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினார்.

"நாளைக்கும் முட்டைதான் வைக்கப்போறன்" என்றார்.

வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார். அந்த வாசலை விட்டு அவர் அசையவில்லை, அம்மாவும் அவரைத் தனியே விடவில்லை. கேரியர் ஒவ்வொரு நாளும் வெறுமையாகவே வந்தது. வீட்டில் இருந்த காலமெல்லாம் முட்டையின் ருசி தெரியாமல் இருந்துவிட்டாரே, வந்ததும் இதைச் சொல்லி அண்ணாவை நல்லாப் பகிடி பண்ணிச் சிரிக்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.