கொழுப்பு என்னும் சொல்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் கல்லூரி ஆசிரியன், குடியிருப்பு ஸ்ரீரங்கம். என் தமையனார் நாற்பத்தெட்டு நிறையுமுன், காலைக் காபியைக் கையில் வைத்திருந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர் விட்டவர். விதி என்றார்கள் வீட்டில். எனக்கு நாற்பத்தேழு நடந்த ஆண்டு, மலைக்கோட்டைப் படி ஏறுகையில் நெஞ்சில் ஓர் இறுக்கம் கண்டது. எவரிடமும் சொல்லவில்லை. மனையாள் கண்டுகொண்டாள்.

தெப்பக்குளத்தருகே மருத்துவம் பார்த்தவர் என் பழைய மாணவர். ரத்தம் எடுத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். மனையாளும் நானும் போனோம். வெளியே நோயாளிகள் காத்திருக்க, கதவும் திறந்திருக்க, அவர் சொன்னார்:

"சார், உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி."

எழுந்துவிட்டேன். வகுப்பில் என் எதிரே வாய் திறக்கவே தயங்கியவர்! வெளியே யாரோ இருமினார். சிரிப்பை மறைத்த இருமல் அது என்றே இன்றும் கருதுகிறேன்.

"ஐயையோ, ரத்தத்துல சார்! ரத்தத்துல இருக்கிற கொழுப்பைச் சொன்னேன். உட்காருங்க."

"இதுக்கு ரத்தம் எடுப்பானேன்? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றாள் மனையாள்.

அவர் ஒரு கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கருஞ்சிவப்பாய் உறைந்த ரத்தம். அதன்மேல், தெளிந்திருக்க வேண்டிய நீர், அரிசி களைந்த தண்ணீர்போல் வெளுத்துக் கலங்கியிருந்தது.

"இது ரத்தக்குழாய்ச் சுவர்ல படிஞ்சு படிஞ்சு வழியை அடைச்சிடும். உங்க அண்ணாவுக்கும் இப்படி ஆகியிருக்கலாம். ஆனா இதைக் குறைக்க முடியும், சார்."

விதியைக் குறைக்க முடியும் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

சிகரெட்டை விட்டேன், அப்பழக்கம் எனக்கு இருந்ததைப் பலர் அறியார், அறியாமலே போகட்டும். தளிகையில் நெய்யும் உப்பும் குறைந்தன. நெய் வழியும் கோயில் அக்காரவடிசிலை மறுக்க மனம் துணியவில்லை. கண்ணில் ஒற்றி, கடுகளவு நாவிலிட்டு, மீதியை மனையாளிடம் தந்தேன். பஸ்ஸை விடுத்துக் காவிரிப் பாலத்தில் நடந்தே சென்றேன். கேட்டவர்களிடம் காற்று வாங்குவதாகச் சொன்னேன்.

அடுத்த ஆடியில் தமையனாரின் வயதைக் கடந்தேன். மீண்டும் அதே ஜன்னல், வேறு குழாய். உறைந்த ரத்தத்தின்மேல் நின்ற நீர் இளமஞ்சளாய்த் தெளிந்திருந்தது. அதனூடே ஜன்னல் கம்பி தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடும் ஒன்று, நான் வெளியே நடந்த நடையை அறிந்திருக்கிறது!

"கொழுப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு, சார்."

"ரத்தத்துலன்னு சேர்த்துச் சொல்லுங்கோ," என்றாள் மனையாள்.

திரும்புகையில் பாலத்தின் நடுவே நின்றோம். கீழே புதுவெள்ளம் இரு கரையும் தொட்டு, தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. தமையனார் எட்டாத வயதில் எனக்கு முதல் ஆடி அது.