சுவரில் இருந்த என் முகம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புதுப்பட்டினத்தில் கடற்கரைக்குப் போகும் சாலையில் நடந்தது இது. அங்கே நீளமான சுவர் ஒன்று உண்டு. அதன் நிழலில் உட்கார்ந்துதான் கல்யாணமான நாளிலிருந்து மீன் விற்கிறேன்.

அந்தச் சுவரில் எங்கள் கடற்கரையின் பெருமையை வரையப் போகிறோம் என்று சென்னையிலிருந்து சில பிள்ளைகள் வந்தார்கள். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல், கட்டுமரம், வலை எல்லாம் வரைந்தார்கள். கடைசியில் என்னையும் போட்டோ எடுத்து, மீன் கூடையோடு இரண்டு ஆள் உயரத்துக்கு வரைந்துவிட்டார்கள். மூக்குத்தி வரைக்கும் அச்சு அசல் நான்தான். பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டினேன்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் அதிகாரி ஒருவர் வந்தார். “நாளையிலிருந்து இங்க யாரும் மீன் விக்கக் கூடாதும்மா. படத்தை மறைக்குது, நாத்தம் வேற” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடம் போனால் வாடிக்கை போச்சு. அப்புறம் வீட்டில் எதை வைத்து உலை வைப்பது?

“இன்னா சார் நியாயம் இது? செவுத்துல கீறவ கூடையில இன்னா மல்லிப்பூவா கீது? அவ நிக்கலாம், நான் குந்தக் கூடாதா?”

அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வரைந்துகொண்டிருந்த பெண்ணிடம் வெள்ளை பெயின்டும் பிரஷும் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். ஸ்டூல்மேல் ஏறினேன்.

“எனக்கு எடம் இல்லன்னா என் மூஞ்சிக்கும் இங்க எடம் இல்ல சார்!”

அவர் ‘ஏம்மா, ஏம்மா’ என்று பதறுவதற்குள் என் முகத்தை நானே பூசி அழித்துவிட்டேன். அழுகை வந்தது. ஆனாலும் மூக்குத்தி மறையும்வரை விடவில்லை.

அதிகாரி உடனே முகத்தைத் திரும்ப வரையச் சொன்னார். ‘அந்த அக்கா சம்மதிக்காமல் தொட மாட்டோம்’ என்று பிள்ளைகள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் அங்கே மீன் விற்கிற நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் கூடையோடு போய் உட்கார்ந்தோம். விழாவுக்கு வந்தவர்கள் அந்தப் படத்துக்கு மட்டும் ஏன் முகமில்லை என்று கேட்டார்கள். என் பக்கத்துக் கூடைக்காரி எழுந்து, “அந்த மூஞ்சி இதோ கீது பாருங்க, வஞ்சிரம் வித்துகினு!” என்று கத்தினாள். கூட்டம் சிரித்தது. எங்களை எழுப்ப வாய் திறந்தவர் யாருமில்லை.

பிறகு அதிகாரியே வந்து, முகத்தை வரைந்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்றும் அவள் முகமில்லாமல்தான் சுவரில் நிற்கிறாள். எங்கள் பெருமையைப் பார்க்க வருகிறவர்கள், என் முகத்தைக் கீழே குனிந்துதான் பார்த்தாக வேண்டும்.