கீபோர்ட் கழட்ட வந்தவ

வெளிநாட்டில், வெஸ்ட்மீட் என்ற ஊரில் நாங்கள் இருந்தபோது, இப்போது எங்கும் வாங்கக் கிடைக்காத மகனின் பழைய கீபோர்ட்டைப் புதுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்ற ஒரு மன்னார்க்காரி வந்தா. கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர், கழுத்தில் சிலுவை. கழட்டிய ஒவ்வொரு திருகாணியையும் முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டா.

"வயரை வெட்டிப்போடாதேங்கோ அன்ரி," மகன் பதறினான்.

"வெட்டமாட்டன் தம்பி. வேணுமெண்டா பழையபடி பூட்டக்கூடிய மாதிரித்தான் செய்வன்."

என்னைத் தூசி தட்டவும் விடாத சாமான் அது. எனக்கு வயிறு எரிந்தது. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: "உங்கட வீட்டில ஆர் சமையல்?"

"என்ர மனுசன்தான் அக்கா. நான் சமைச்சா நாயும் தின்னாது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீபோர்ட் வேலை செய்ததும் மகன் குசினிக்குள் போய் அவவுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தான். அவனுக்குத் தேத்தண்ணி ஊத்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.